மிதுனம் 32: கொல்லங்கோட்டு எல்லையில் ஒரு தேதியைச் சரிபார்ப்பது எப்படி?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையை வெளியிட்டார். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு அந்த நாளே எல்லைக்கோடாயிற்று. அன்று குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதற்குச் சான்று கேட்கப்படும்போது, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழர்கள் பழைய குத்தகைச் சீட்டையும் பத்திரத்தையும் பள்ளிப் பதிவையும் தேடிச் செல்கின்றனர். அத்தகைய ஆவணங்களைப் படமெடுத்து, அட்டவணைப்படுத்தி, கணினி நிரல் கொண்டு தேதி வாரியாக வரிசைப்படுத்தும் பணி இன்று வரலாற்றுத் துறை மாணவர்களின் கைக்கு வந்திருக்கிறது. தேதியைச் சரிபார்க்கும் சில வரிகள் பைத்தான் நிரலில் எளிதாகத் தோன்றும். ஆனால் எந்த நாள்காட்டியின் விதிப்படி சரிபார்க்கிறோம் என்பதை அந்த வரிகள் தாமாகச் சொல்வதில்லை. இக்கேள்விக்குக் கொல்லங்கோடு நல்ல பாடமாக அமைந்த ஊர்.

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் உள்ள கொல்லங்கோடு இன்று சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. 1956-க்கு முன் அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், பாலக்காட்டு வட்டத்தில் இருந்தது. அருகிலுள்ள சித்தூரோ கொச்சி அரசின் நிலம். கிழக்கே பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே 1950 ஆகஸ்டில் பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்கு வந்தவர் ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியவர். சித்தூருக்குச் சென்றவரோ திருவிதாங்கூர்-கொச்சி என்னும் வேறு மாநிலத்துக்குள் நுழைந்தவர். மாநில எல்லை 1956 நவம்பர் 1 அன்று இடம் மாறியது. ஆவணங்களின் தேதிகள் மட்டும் எழுதப்பட்ட கணக்கிலேயே நின்றுவிட்டன.

அந்தக் கணக்குகள் பல. சென்னை மாகாணத்தின் சட்டங்களும் பதிவுகளும் ஆங்கில ஆண்டைக் கொண்டவை. கொச்சியும் திருவிதாங்கூரும் கொல்லம் ஆண்டைக் கொண்டன. கொச்சி நாயர் சட்டம் 1113-ஆம் ஆண்டின் 29-ஆம் சட்டம் என்றே எண்ணப்படுகிறது. அந்த 1113 ஆங்கிலக் கணக்கில் 1937–38. தமிழ்க் குடும்பங்களின் ஏடுகளில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களும் சித்திரை முதலான மாதங்களும் வரும். 'விகிர்தி ஆண்டு ஆடி மாதம்' என்று மட்டும் இருந்தால் அது 1950 ஆகலாம், 1890-உம் ஆகலாம். எழுத்தின் அமைப்பும் தாளும் குறிப்பிடப்பட்ட ஆட்களும்தாம் இரண்டில் ஒன்றைத் தேர உதவும்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது. ஆண்டின் முற்பகுதி மாதங்களுக்கு 824-ஐயும், ஜனவரிக்குப் பின் வரும் மாதங்களுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இந்தக் கூட்டலை எல்லாரும் அறிவர். ஆண்டு எந்த மாதத்தில் பிறக்கிறது என்பதில்தான் சிக்கல். ராபர்ட் சிவெலும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் 1896-இல் வெளியிட்ட 'இந்தியன் காலண்டர்' என்னும் நூல், வடமலபாரில் ஆண்டு கன்னி மாதத்திலும், தென்மலபாரிலும் திருநெல்வேலியிலும் சிங்க மாதத்திலும் பிறப்பதாகக் குறிக்கிறது. எஞ்சிய பதினொரு மாதங்களில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. சிங்க மாதத்தில் மட்டும் இரு கணக்குகளுக்கும் ஆண்டு எண் வேறு.

இந்த விதியை 1950-இன் எல்லைக்கோட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். 'கொல்லம் 1125 சிங்கம்' என்று ஒரு சீட்டில் இருக்கிறது எனக் கொள்வோம். சிங்கத்தில் ஆண்டு தொடங்கும் கணக்கில் அது 1949 ஆகஸ்ட்–செப்டம்பர். ஆணைக்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தையது. கன்னியில் ஆண்டு தொடங்கும் கணக்கில் அதே சொற்கள் 1950 ஆகஸ்ட்–செப்டம்பரைக் குறிக்கும். ஆணை வந்த பின்னர் எழுதப்பட்ட சீட்டாகிவிடும். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. எழுதிய கை எந்தக் கணக்கைக் கற்றது என்பதே சான்றின் பயனைத் தீர்மானிக்கிறது.

ஆண்டு தீர்ந்தபின் நாளுக்கு வரவேண்டும். சூரியன் ஓர் இராசிக்குள் புகும் நேரம் சங்கராந்தி. தமிழகமும் மலையாள நாடும் அதே சங்கராந்தியை வைத்தே மாதத்தைத் தொடங்கினாலும், விதி வேறு. தமிழ் விதிப்படி சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். மறைந்த பின் நேர்ந்தால் மறுநாள் பிறக்கும். மலையாள விதிப்படி பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், நேர்ந்தால் அன்று, தவறினால் மறுநாள். உதயம் காலை 6 மணி என்றால் 18 நாழிகை முடிவது பிற்பகல் 1 மணி 12 நிமிடம். ஆகவே 1.12-க்கும் மாலை 6-க்கும் இடையில் சங்கராந்தி நேர்ந்தால் தமிழ் மாதம் அன்று பிறக்கும், மலையாள மாதம் மறுநாள் பிறக்கும். அந்த இடைவெளி 4 மணி 48 நிமிடம். ஒரு நாளின் ஐந்தில் ஒரு பங்கு. சங்கராந்தி நேரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் தள்ளிப்போவதால், நீண்ட காலப்போக்கில் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு ஒரு மாதம் இந்த வேறுபாட்டுடன் தொடங்கும். அந்த மாதம் முழுவதும் கொல்லங்கோட்டில் ஒரே நாளுக்குத் தமிழ் எண் ஒன்று கூடியே இருக்கும்.

இதிலிருந்து பிறப்பதே தலைப்பிலுள்ள 32. சூரியன் மிதுனத்தில் நிற்கும் காலம் ஏறத்தாழ 31 நாள் 15 மணி; தனுவில் ஏறத்தாழ 29 நாள் 8 மணி. ஆகவே ஆனி அல்லது மிதுனத்துக்கு 31 நாளோ 32 நாளோ வரும். மார்கழி அல்லது தனுவுக்கு 29-ஓ 30-ஓ வரும். கர்க்கடக சங்கராந்தி ஒரு நாள் பிற்பகல் 3 மணிக்கு நேர்கிறது எனக் கொள்வோம். தமிழ் விதிப்படி அன்று ஆடி 1. மலையாள விதிப்படி கர்க்கடகம் மறுநாள்தான் பிறக்கும். அன்று மிதுனம் 32. மாதத்துக்கு 31 நாளுக்கு மேல் இல்லை என்று எண்ணி எழுதப்பட்ட நிரல், உண்மையான ஒரு நாளைப் பிழையென்று தள்ளிவிடும். அதே நிரல் 'மார்கழி 31' என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை.

ஐரோப்பியத் தேதிகளும் இதற்கு விலக்கு இல்லை. டச்சுக் கம்பெனி 1663-இல் கொச்சியைக் கைப்பற்றியது. அதன் ஆவணங்கள் கிரிகோரியக் கணக்கைப் பின்பற்றின. ஆங்கிலக் கம்பெனி 1752 வரை ஜூலியக் கணக்கிலேயே எழுதிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. தலச்சேரியில் ஆங்கிலேயர் மார்ச் 1 என்று எழுதிய அதே நாள் கொச்சியில் டச்சுக்காரர்களுக்கு மார்ச் 12. அன்றியும் ஆங்கிலேயரின் சட்டபூர்வ ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியதால், சனவரி, பிப்ரவரி மாதக் கடிதங்களில் ஆண்டெண் ஒன்று குறைந்து நிற்கும்.

பைத்தானின் டேட்டைம் தொகுப்பு கிரிகோரிய நாள்காட்டி ஒன்றை மட்டுமே அறியும். ஆண்டு 1 முதல் 9999 வரை, அந்தக் கணக்கு நடைமுறைக்கு வராத நூற்றாண்டுகளுக்கும் அதனையே பின்னோக்கி நீட்டுகிறது. இதன் விளைவைச் சோதிக்க மூன்று நாள்கள் போதும். முதலாவது, 1700 பிப்ரவரி 29. சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர் வாழ்ந்த நாள் அது. ஜூலியக் கணக்கில் 1700 நெட்டாண்டு. பைத்தான் வேல்யூ எரர் என்று மறுத்துவிடும். ஆவணத்தில் உள்ளபடியே 1699 என்று இட்டாலும் மறுக்கும். இரண்டாவது, 1752 செப்டம்பர் 5. அந்த ஆண்டு ஆங்கிலேயர் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணினர். அவர்களுக்கு 5-ஆம் நாள் இல்லை. பைத்தான் அதனை மறுப்பின்றி ஏற்கும். மூன்றாவது, முதலாம் இராசராசன் அரியணை ஏறிய 985-ஆம் ஆண்டின் ஏதேனும் ஒரு ஜூலை நாள். வரலாற்று நூல்கள் தருவது ஜூலிய நாள். பைத்தான் கொள்வது கிரிகோரிய நாள். இடையே ஐந்து நாள் வேறுபாடு. கிழமை கேட்டால் பிழையான கிழமை வரும். எச்சரிக்கை எதுவும் வராது. மெய்யான நாளைத் தள்ளுவது, பொய்யான நாளை ஏற்பது, நாளை ஏற்றுக் கிழமையைப் பிசகச் செய்வது என மூவகைப் பிழைகளும் இங்கே இருக்கின்றன. மூன்றாவதே கண்டுபிடிக்க அரியது.

கிழமையைக் கொண்டு தேதியைச் சோதிக்கும் முறை கணினிக்கு முற்பட்டது. சோழர் கல்வெட்டுகள் ஆட்சியாண்டைத் தந்து, அதனுடன் மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் தருவதுண்டு. எழுதியவர்கள் சடங்கு கருதித் தந்த இவ்விவரங்கள் பின்வந்த ஆய்வாளர்களுக்குச் சரிபார்க்கும் கருவியாயின. கிழமை ஏழில் ஒன்று, நட்சத்திரம் இருபத்தேழில் ஒன்று, திதி முப்பதில் ஒன்று. எல்லாம் தற்செயலாக ஒரே நாளில் பொருந்துவது அரிது. ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் (1840–1908) இவ்வழியே கணித்து, இராசராசனின் ஆட்சித் தொடக்கம் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்டது என்று 'எபிகிராஃபியா இண்டிகா'வில் நிறுவினார். சான்றுகள் ஒரு நாளைத் தரவில்லை. ஒரு மாத இடைவெளியைத் தந்தன. அவரும் இடைவெளியையே எழுதினார்.

எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) இந்தக் கணிதத்தை எல்லார் கைக்கும் கொண்டுவந்தார். 1911-இல் 'இந்தியன் குரோனாலஜி', 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான 'ஆன் இந்தியன் எஃபிமெரிஸ்' ஆகியவை வெளிவந்தன. கல்வெட்டின் விவரங்களை அட்டவணையில் வைத்து ஒப்பிட, வானியல் தெரியாதவருக்கும் வழி பிறந்தது. விவரங்கள் பொருந்தாதபோது இத்துறையில் கல்வெட்டு உடனே பொய்யென்று ஒதுக்கப்படுவதில்லை. நடப்பு ஆண்டுக்குப் பதில் கழிந்த ஆண்டு எழுதப்பட்டதா, திதி நள்ளிரவுக்குப் பின் மாறியதா, கல் வெட்டியவர் கை பிசகியதா, பிற்காலப் படியா, போலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். நிரல் எழுதுவோர் 'ஆம், இல்லை' என்று இரு விடைகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். கல்வெட்டியலார் 'பொருந்துகிறது, பொருந்தவில்லை, தீர்மானிக்க இயலவில்லை' என்று மூன்று விடைகளுடன் வேலை செய்தனர்.

பல நாள்காட்டிகளுக்கு இடையே பொது நாணயமாக உதவுவது தொடர் நாள் எண். கேரள வானியலார் கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணிக் கலிதினம் என்றனர். அதைக் கடபயாதி முறையில் எழுத்துகளாகவும் மறைத்து வைத்தனர். மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் நாராயணீயத்து இறுதித் தொடர் 17,12,210 என்னும் கலிதினத்தைத் தருகிறது. நூல் முடிந்த 1586-ஆம் ஆண்டு நாள் அது. ஜூலியன் நாள் எண்ணும் பைத்தானின் ஆர்டினல் எண்ணும் இதே வகையின. கொல்லம், தமிழ், ஜூலியம், கிரிகோரியம் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் விதிப்படி நாள் எண்ணாக மாற்றி, எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரு நாள்காட்டியின் பெயரை மற்றொன்றின் சட்டத்துக்குள் திணித்துச் சோதிப்பதில் பொருளில்லை.

எழுத்து வடிவிலிருந்து தேதியைப் படிக்கும் பைத்தானின் ஸ்ட்ரப்டைம் செயலும் கவனத்துக்குரியது. ஆண்டு ஈரிலக்கமாக இருந்தால் 69 முதல் 99 வரை 1900-களில் சேரும்; 00 முதல் 68 வரை 2000-களில் சேரும். '10-08-50' என்று எழுதப்பட்ட பதிவு இதன்படி 2050 ஆகஸ்ட் 10 ஆகிவிடும். மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க வடிவத்தைத் தவறுதலாகக் கொடுத்தால் '10/08/1950' அக்டோபர் 8 ஆகும். எல்லைக்கோட்டு நாளே கோட்டைத் தாண்டிவிடும். இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள். நிரல் வாய் திறக்காது.

அடுத்தது, சரிபார்க்கும் வரி நிரலில் எங்கே நிற்கிறது என்பது. ஓலைகளிலும் கற்களிலும் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். புள்ளியும் பெரும்பாலும் இராது. ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொற்களே காட்டின. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும். 'இவை என் எழுத்து' என்னும் ஒப்பத்துடன் முடியும். பைத்தானின் வழி இதற்கு நேர்மாறானது. அங்கே வெற்றிடமே இலக்கணம். பீட்டர் லாண்டின் 1966-இல் முன்வைத்த கருத்து, ஆம்ஸ்டர்டாமில் உருவான ஏபிசி மொழியின் வழியே கைடோ வான் ரோசமின் பைத்தானுக்கு வந்தது; பைத்தானின் முதல் வெளியீடு 1991. ஒரு வரி எத்தனை இடம் உள்ளே தள்ளி நிற்கிறதோ, அதைப் பொறுத்து அது எந்தத் தொகுதிக்குச் சொந்தம் என்பது முடிவாகும். நான்கு இடைவெளி என்பது 2001-இல் வந்த பெப் 8 என்னும் நடைமுறைக் கையேட்டின் பரிந்துரை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் தொகுதியை 'முடி' என்னும் சொல் மூடுகிறது. ஓலைக்கு அது நெருங்கிய மரபு.

தள்ளல் ஒழுங்கற்றிருந்தாலோ டேப்பும் இடைவெளியும் ஒவ்வாதபடி கலந்திருந்தாலோ பைத்தான் இயங்க மறுக்கும். அது நன்மையே. தள்ளல் ஒழுங்காகவும் பொருள் பிழையாகவும் இருக்கும்போதுதான் கேடு நேரும். தமிழ்ச் சொற்களில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

ஒவ்வொரு பதிவுக்கும்:
    முயல்க:
        நாள் = மாற்றுக(பதிவு)
    பிழையெனில்:
        ஐயப்பட்டியலில் சேர்க்க(பதிவு)
    முடிவில் சேர்க்க(பதிவு, நாள்)

கடைசி வரி 'முயல்க', 'பிழையெனில்' இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. மிதுனம் 32 வந்ததும் மாற்றம் தோற்கும். பதிவு ஐயப்பட்டியலில் சேரும். அதன்பின் கடைசி வரி அதே பதிவை முடிவிலும் சேர்க்கும். அப்போது 'நாள்' என்னும் பெயரில் இருப்பது முந்தைய பதிவின் தேதி. ஒரு குடும்பத்தின் சீட்டில் வேறொரு குடும்பத்தின் நாள் ஒட்டிக்கொள்கிறது. அட்டவணை நிறைவாகத் தோன்றும். எங்கும் வெற்றுக் கட்டம் இராது. கடைசி வரியை 'பிழையெனில்' தொகுதிக்குப் பின் 'பிழையில்லையெனில்' என்னும் தொகுதிக்குள் வைத்தால், பைத்தானில் எல்ஸ் எனப்படுவதற்குள் வைத்தால், இது நேராது. வேறுபாடு நான்கு வெற்றிடமும் ஒரு சொல்லும்.

இப்பணியில் இறங்கும் மாணவர்க்குச் சில நடைமுறைகள் பயன்படும். ஆவணத்தில் உள்ள தேதியை உள்ளபடியே ஒரு பத்தியில் காக்க வேண்டும். திருத்திய வடிவத்தை அதன் மேல் எழுதக் கூடாது. நாள்காட்டியின் பெயரும், ஆண்டுப் பிறப்பு சிங்கமா கன்னியா என்பதும் தனிப் பத்திகளாக இருக்க வேண்டும். தெரியாவிடில் தெரியாது என்றே இட வேண்டும். மாற்றிய முடிவை ஒற்றை நாளாக அன்றி, முந்தைய எல்லை, பிந்தைய எல்லை என்று இரு நாள்களாகத் தர வேண்டும். கிழமை கிடைத்தால் அதனைத் தனியே பதிந்து, கணக்குடன் ஒப்பிட வேண்டும். நிரலைச் சோதிக்க இயல்பான தேதிகள் போதா. மிதுனம் 32, மார்கழி 31, 1125 சிங்கம், 1700 பிப்ரவரி 29, 1752 செப்டம்பர் 5, '10-08-50' ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐயப்பட்டியல் வெறுமையாக வந்தால், நிரல் நன்றாக இயங்கியது என்று மகிழ்வதற்கு முன் தள்ளலை ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

ஐயப்பட்டியலில் தங்கும் சீட்டுகளை மனிதர் கண்ணால் மீண்டும் படிக்கலாம். கிழமையையோ அண்டை ஆவணத்தையோ கொண்டு தீர்க்கலாம். பிழையான நாளுடன் முடிவுப் பட்டியலில் ஏறிய சீட்டை எவரும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த அச்சுத்தாளை நீட்டுபவர், தம் பாட்டனார் எந்த நாளில் எந்த ஊரில் குடியிருந்தார் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடும். அங்கே நினைவு செல்லாது. தாளில் உள்ள தேதியே செல்லும்.